கருத்தடை மாத்திரையும் ஓட்டப் பயிற்சியும்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் தோழிகளே. என் தங்கை ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுக்கத் தொடங்கியிருக்கிறாள். நீண்ட தூர ஓட்டத்துக்கும் பயிற்சி எடுக்கிறாள். ஈஸ்ட்ரோஜன் ஃபைப்ரினோஜன் போன்ற உறைவுக் காரணிகளை, அதாவது ரத்தம் உறைய உதவும் புரதங்களைக் கூட்டும், உறைவைத் தடுக்கும் புரோட்டீன் எஸ் என்ற புரதத்தைக் குறைக்கும், மாத்திரை தொடங்கிய முதல் ஆண்டில்தான் ரத்தக்கட்டி வரும் ஆபத்து அதிகம் என்று தெரியும். கடும் பயிற்சி முடிந்ததும் உறைவுக் காரணி 8 உயரும். ஆனால் உறைந்ததைக் கரைக்கும் வேலையும் கூடவே வேகமெடுக்கும். சரி, மாத்திரை எடுப்பவர்களுக்கும் இந்தச் சமநிலை அப்படியே இருக்குமா? அம்மாவுக்குக் காலில் ரத்தக்கட்டி வந்ததுண்டு, அதனால்தான் இவ்வளவு கவலை. ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத்திணறல் என்றால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுவோம். அதற்கு முன்பே ரத்தப் பரிசோதனை ஏதாவது செய்துகொள்வது நல்லதா? ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் புரோஜெஸ்டின் என்ற ஹார்மோன் மட்டும் உள்ள மாத்திரைக்கு மாறிய ஓட்டக்காரர்கள் யாராவது இருக்கிறீர்களா? அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்கிறோம். என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள்.