[கலைச்சொல்] சினை ஆட்டின் ‘எக்ஸ்போஷர்’: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

தே.:

அனைவருக்கும் வணக்கம். கால்நடை மருத்துவ மாணவர்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ஆறு இயல் தாண்டி ஏழாவதில் மாட்டிக்கொண்டேன். மேய்ச்சல் நிலத்து மாசு சினை ஆடு, சினைப் பசுவின் உடம்புக்குள் போவதும், அங்கிருந்து வயிற்றிலுள்ள குட்டிக்கோ கன்றுக்கோ சேர்வதும்தான் இயல் முழுக்க. பக்கத்துக்கு நாலு தடவை ‘எக்ஸ்போஷர்’ வருகிறது.

இதுவரை ‘வெளிப்பாடு’ என்று போட்டு ஓட்டினேன். நேற்று ஒரு வாக்கியம் இப்படி முடிந்தது: “சினை ஆடுகளின் மாசு வெளிப்பாட்டால் கருவின் மரபணு வெளிப்பாடு மாறுகிறது.” பக்கத்தில் இருந்து படித்த தங்கை, “ஆடு புழுக்கை போடுவதைச் சொல்கிறாயா?” என்று கேட்டாள். கோபம் வந்தது. ஆனால் அவள் கேட்டதில் தப்பில்லை. வெள்ளி காலை பக்க அமைப்புக்குப் போக வேண்டும். கைகொடுங்கள்.

நா.வே.:

அம்மா, உங்கள் தங்கை நல்ல வாசகி. உள்ளே இருப்பது வெளியே வருவது வெளிப்பாடு. உங்களுக்கு வேண்டியது வெளியே இருப்பது உள்ளே வருவது. நேர் எதிர்ச் சொல்லைப் போட்டுவிட்டு இத்தனை ஆண்டுகளாக நாம் யாருமே கூச்சப்படவில்லை.

‘படு’ இருக்கக் கவலை எதற்கு? வெயில் படுகிறது, காற்றுப் படுகிறது, கண் படுகிறது. இவற்றை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. புகைப்படக்காரர்கள் ஒளிபடல் என்றால் புரிந்துகொள்வார்கள். மாசுப்படல் என்று எழுதுங்கள், முடிந்தது.

கு.:

ஐயா, முடியவில்லை. ‘மாசுபடல்’ ஏற்கெனவே சுற்றுச்சூழல் கெடுவதற்கு வழங்குகிறது. நடுவில் ஒரு ப் போட்டால் வேறு கலைச்சொல் என்கிறீர்கள். இருபது வருடமாகப் பக்கம் கட்டுகிறவன் சொல்கிறேன், அந்த ஒற்று மூன்றாம் மெய்ப்பைத் தாண்டி உயிரோடு இருக்காது. பிழைதிருத்தி மென்பொருள் முதலில் அதைத்தான் தின்னும்.

இன்னொன்று. ஆடு வளர்ப்பவரிடம் ‘படல்’ என்றால் பட்டியை அடைக்கிற தட்டி. ‘ஆட்டின் மாசுப்படல்’ என்றால் தட்டியைக் கழுவச் சொல்கிறார்கள் என்றுதான் நினைப்பார்.

பேசாமல் ‘மாசுக்கு ஆளாதல்’ என்று எழுதலாமே? நோய்க்கு ஆளானான் என்று எல்லாருக்கும் தெரியும்.

தே.:

அண்ணா, அதையும் யோசித்தேன். இதே இயலில் இளம் பெட்டைகள் பருவமடைவது பற்றி ஒரு பகுதி வருகிறது. பேச்சில் ‘ஆளாவது’ என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும். வகுப்பில் சிரிப்பு அடங்கக் கால்மணி ஆகும்.

மரு. ச.:

கால்நடை இனப்பெருக்கவியல் வகுப்பெடுக்கிறவள் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். சொல் தேடுவதற்கு முன் எதற்குத் தேடுகிறோம் என்று பார்க்கலாமா? இதில் மூன்று நிகழ்ச்சிகள் இருக்கின்றன. மாசு நிலத்தில் கிடப்பது ஒன்று. அது தாயின் உடம்புக்குள் போவது இன்னொன்று. கருவைச் சேர்வது மூன்றாவது. ஒரே சொல்லை மூன்றுக்கும் போட்டால் மாணவன் தேர்வில் மட்டுமல்ல, தொழுவத்திலும் தவறு செய்வான்.

இரண்டாவதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கீழ் முன்பற்களை மேலே உள்ள கெட்டித் திண்டோடு அழுத்திப் புல்லைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கும். புல் குட்டையாகிப்போன காலத்தில் வேரும் வேரடி மண்ணும் சேர்ந்தே வாய்க்குள் போகும். ஆடு தின்னும் உலர் தீனியில் நூற்றுக்கு 30 பங்கு வரை மண்ணாகவே இருந்ததாக அளந்திருக்கிறார்கள். ஈயமோ காட்மியமோ புல்லுக்குள் ஏறியிருக்க வேண்டிய அவசியமே இல்லை, மண்ணில் இருந்தால் போதும். இதற்கு ‘படுதல்’ என்பது எனக்கு ஒட்டவில்லை. வெயில் மேலே படும். இது உள்ளே போகிறது.

மூன்றாவதுதான் சிக்கல். ஸ்காட்லாந்தில் கழிவுநீர்க் கசடை உரமாக இட்ட புல்வெளியில் ஆடுகளை மேயவிட்டுப் பார்த்தார்கள். கசட்டில் ஒவ்வொரு வேதிப்பொருளும் கொஞ்சம் கொஞ்சம்தான். தாய் ஆடுகளைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. சினையின் 110ஆம் நாளில் ஆண் கருக்களை ஆராய்ந்தபோது உடல் எடையும் குறைவு, விரையில் செல்களின் எண்ணிக்கையும் குறைவு. ஆட்டின் சினைக்காலமே ஏறக்குறைய 150 நாள்தான். தாய்க்கு நடந்ததும் கருவுக்கு நடந்ததும் ஒன்றல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

நா.வே.:

மருத்துவர் அம்மா சொன்னதில் ஒரு நயம் இருக்கிறது. விலங்குக்கு நாம் கர்ப்பம் என்பதில்லை, சினை என்கிறோம். இலக்கணத்தில் சினை என்றால் உறுப்பு. மரம் முதல், கிளை சினை. அப்படியானால் தாய் முதல், கரு சினை! தமிழ் அன்றே கருவைத் தாயின் உறுப்பாகக் கண்டிருக்கிறது. எனவே தாய்க்கு ஒரு சொல், கருவுக்கு ஒரு சொல் என்று பிரிக்க வேண்டியதில்லை. முதலைச் சொன்னால் சினை அடங்கும்.

தொல்காப்பியத்தின் மரபியலில் இளமைப் பெயர்களுக்கே தனிக் கணக்கு உண்டு. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று ஒன்பது. ஆட்டுக்கு மறி. ‘கருமறி’ என்று ஏன் வைக்கக் கூடாது?

மரு. ச.:

ஐயா, மறி அழகான சொல். ஆனால் இயலில் பசுவும் இருக்கிறது, அதன் கன்றுக்கு மறி என்றால் தொல்காப்பியரே ஒப்ப மாட்டார்.

முதல், சினை என்பதுதான் எனக்கு நெருடுகிறது. கரு வெறும் உறுப்பாக இருந்தால் தாயின் இரத்தத்தில் உள்ளதெல்லாம் அதே அளவில் கருவுக்கும் போக வேண்டும். போவதில்லை. காட்மியத்தில் பெரும்பகுதி நஞ்சுக்கொடியிலேயே தேங்கிவிடுகிறது. ஈயம் சுண்ணாம்புச் சத்தின் வேடத்தில் கடந்துவிடுகிறது. மீத்தைல் பாதரசத்துக்குத் தடையே இல்லை. ஆட்டிலும் மாட்டிலும் தாயின் நோயெதிர்ப்புப் புரதம் இந்த வழியாகப் போகவே போகாது, அதனால்தான் பிறந்த கையோடு சீம்பால் ஊட்டச் சொல்கிறோம். காப்பதை நிறுத்திவிட்டுக் கெடுப்பதை அனுப்புகிற வாசல் இது. கரு உறுப்பாக இருந்தால் இடையில் வாசல் எதற்கு?

பா.மு.:

இத்தனை நாள் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். நஞ்சுக்கொடி என்றதும் கை பரபரத்துவிட்டது. நஞ்சு கடக்கிற கொடிக்கு நம் முன்னோர் ‘நஞ்சு’க்கொடி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், கவனித்தீர்களா? ‘நை’ என்பது வேர். நைந்தது, நைஞ்சது, நஞ்சு. ஈன்ற பின் நைந்து விழுவதால் நஞ்சு. உடம்பை நைய வைப்பதால் விடமும் நஞ்சு. இரண்டும் ஒரு வேர். எனவே ‘நஞ்சூட்டு’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். கொடியையும் குறிக்கும், விடத்தையும் குறிக்கும், ஊட்டுவதையும் குறிக்கும்.

கு.:

நைஞ்சது நம் பொறுமைதான்.

நஞ்சூட்டு என்றால் யாரோ வேண்டுமென்றே கொடுத்ததாக ஆகிவிடும். வழக்குப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். தவிர, கறக்கிறவர்கள் பலர் ‘இளங்கொடி விழுந்ததா’ என்றுதான் கேட்பார்கள், உங்கள் நஞ்சு அங்கே வேலைக்காகாது.

மரு. ச.:

பா.மு. ஐயாவின் வேர் ஆராய்ச்சிக்கு நான் நடுவரல்ல. மாசு வேறு, நஞ்சு வேறு என்பதை மட்டும் பதிகிறேன். கசட்டுப் புல்வெளியில் எந்தப் பொருளும் தனியாக நஞ்சு என்று சொல்லும் அளவில் இல்லை. அதுதான் அந்த ஆய்வின் உயிரே. தலைப்பிலேயே நஞ்சு என்று போட்டால் மாணவன் வாயில் நுரை தள்ளிச் செத்த ஆட்டைத் தேடுவான். இங்கே தாய் நன்றாக அசைபோட்டுக்கொண்டு நிற்கிறது.

தே.:

ஐயா, அம்மா, நாளை வெள்ளி. இதுவரை வந்தவை: மாசுப்படல், மாசுக்கு ஆளாதல், நஞ்சூட்டு. தனி மடலில் ஒருவர் ‘மாசேற்பு’ அனுப்பியிருந்தார். அதை எடுக்க முடியாது, ‘ஏற்பி’ என்று செல்லில் இருக்கும் ‘ரிசெப்டர்’ என்ற பொருளுக்கு ஏற்கெனவே வைத்தாயிற்று, இரண்டும் ஒரே பத்தியில் வருகின்றன. அதோடு ஏற்பதற்கு ஆட்டிடம் யார் கேட்டார்கள்?

நான் ஒன்று வைக்கிறேன். கருவுறல் மாதிரி ‘மாசுறல்’. தாய்க்குத் ‘தாய் மாசுறல்’, குட்டிக்குக் ‘கரு மாசுறல்’. உறுதல் என்றால் மேலே படுவதும் ஆகும், உள்ளே அடைவதும் ஆகும். இரண்டும் தனித்தனி என்பதும் தெரியும்.

நா.வே.:

‘மாசற்ற’ என்பதற்கும் ‘மாசுற்ற’ என்பதற்கும் ஓர் உகரம்தான் வேறுபாடு. என் ஒற்றை மென்பொருள் தின்னும் என்றார்கள். இந்த உகரத்தை யார் காவல் காப்பார்? என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள்.

கு.:

பதிவு செய்தாயிற்று ஐயா. மாசுறலுக்கு என் ஒப்புதல், அரைமனதோடு. ஆனால் தலைப்பிலும் சொல்லடைவிலும் மட்டும் வையுங்கள். வாக்கியத்துக்குள் ‘தாய் மேய்ந்த மாசு குட்டியைச் சேர்கிறது’ என்று வினையாகவே எழுதிவிட்டுப் போங்கள். எல்லாவற்றையும் பெயர்ச்சொல்லாக்கி நிறுத்தினால்தான் இந்தச் சண்டையெல்லாம்.

மரு. ச.:

எனக்கும் சரி. வகுப்பில் நான் எப்படியும் அப்படித்தான் சொல்வேன்.

பா.மு.:

நஞ்சூட்டை யாரும் சரியாகப் பரிசீலிக்கவில்லை. ‘நை’ பற்றித் தனி மடல் எழுதுகிறேன், சற்று நீளமாக இருக்கும்.

தே.:

நன்றி. கு. அண்ணா சொன்னபடி செய்து, ஏழாம் இயலைக் காலையில் அனுப்பிவிட்டேன். நா.வே. ஐயாவின் மறுப்பைச் சொல்லடைவில் அடிக்குறிப்பாகச் சேர்த்திருக்கிறேன், ‘மாசுப்படல் என்பாரும் உளர்’ என்று.

மரு. ச.:

தேவி, தாமதமாகத்தான் நினைவு வந்தது. கொழுப்பில் கரைகிற மாசு, அந்த பிசிபி, டையாக்சின் வகையெல்லாம் தாயின் கொழுப்பில் கிடக்கும். சினையின் கடைசியிலும் பால் சுரக்கும்போதும் அந்தக் கொழுப்பு கரைகிறபோது சேர்ந்து வெளியே வரும். சீம்பால் வழியாகக் குட்டி குடிப்பதும் அடுத்த இயலில் வருமே? அப்போது அது கருவும் இல்லை, மேயவும் தொடங்கவில்லை. அதற்கு என்ன போடப் போகிறாய்?

நா.வே.:

பாலில் கலந்து வெளியே வருகிறதா? அப்படியானால் ‘வெளிப்பாடு’ அங்கே மிகச் சரியாகப் பொருந்தும்.

தே.:

எட்டாம் இயலுக்குப் புது இழை தொடங்குகிறேன். கெடு செவ்வாய்.