பிபி சிமுலேட்டரில் 120/80, மானிட்டரில் 111/73: கருவி பழுதா?

கேள்வி:
வணக்கம். நான் ஒரு மருத்துவமனையில் பயோமெடிக்கல் பொறியாளராகப் பணிபுரிகிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவு மானிட்டர்களுக்கு ஆண்டுச் சோதனை செய்தபோது, சிமுலேட்டரில் (நோயாளியின் உடலைப் போலச் செயற்கை அலைகளைத் தரும் சோதனைக் கருவி) இரத்த அழுத்தத்தை 120/80 என வைத்தால் ஒரு நிறுவனத்தின் மானிட்டர்கள் 121/80 காட்டுகின்றன; வேறு நிறுவனத்தின் மூன்று மானிட்டர்களோ, ஐந்து முறை அளந்தும் 111/73-ஐ ஒட்டியே நிற்கின்றன. இசிஜி, வெப்பநிலை ஆகியவை சரியாக உள்ளன. இந்த மூன்றையும் வார்டிலிருந்து எடுத்துவிட வேண்டுமா, அல்லது சிமுலேட்டருக்கு ஏற்பத் திருத்தலாமா?

பதில் 1:
தயவுசெய்து திருத்திவிடாதீர்கள். ஆஸிலோமெட்ரிக் (அலைவைக் கொண்டு அளக்கும்) முறையில் மானிட்டர் அளப்பது கஃபில் (கையில் சுற்றும் காற்றுப் பட்டை) உள்ள அழுத்தத்தையும் அதன்மேல் நாடித்துடிப்பு எழுப்பும் சிற்றலைகளையும் மட்டுமே. அலை மிகப் பெரிதாக எழும் இடத்தைச் சராசரி அழுத்தமாகக் கொண்டு, மேல் அளவையும் கீழ் அளவையும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கே உரிய கணக்கில் வருவிக்கிறது. சிமுலேட்டர் தருவதோ செயற்கை அலை. அதை இரு நிறுவனக் கணக்குகளும் ஒரேபோல் படிக்க வேண்டியதில்லை. மீண்டும் மீண்டும் அளக்கும்போது ஒரே அளவு வருகிறதா என்பதைத்தான் அது சொல்லும்; அதில் உங்கள் மூன்றும் தேறிவிட்டன.

துல்லியத்தை அறிய நிலை அழுத்தச் சோதனை செய்யுங்கள். மானிட்டரை சர்வீஸ் மோடில், அழுத்தத்தை மட்டும் காட்டும் மானோமீட்டர் நிலைக்கு மாற்றி, கஃபை ஓர் உருளையில் இறுகச் சுற்றி, டி-இணைப்பு வழியாகச் சான்று பெற்ற அழுத்தமானியைச் சேர்த்து, 0, 50, 100, 150, 200, 250 எனப் படிப்படியாக ஏற்றி இரண்டையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் 3 மி.மீ. பாதரசம் அல்லது 2 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதற்குள் இருக்க வேண்டும். கசிவு நிமிடத்துக்கு 6 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது.

பதில் 2:
ஆக்சிஜன் செறிவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சிமுலேட்டரின் அமைப்பில் மானிட்டரின் நிறுவனத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் நல்ல மானிட்டரும் பிழையாகக் காட்டும். சரியாகக் காட்டினாலும் அது துல்லியத்துக்குச் சான்று அன்று. துல்லியம் என்பது தன்னார்வலர்களின் ஆக்சிஜன் அளவைக் குறைத்து, தமனி இரத்தத்தோடு ஒப்பிட்டு உறுதிசெய்யப்படுவது.

அலாரத்தையும் விட்டுவிடாதீர்கள். இசிஜி சிமுலேட்டரில் இதயத் துடிப்பை நிறுத்தினால் 10 விநாடிக்குள் அலாரம் எழ வேண்டும். அது செவிலியர் மேசை வரை கேட்கிறதா என்று அங்கே போய் நின்று பாருங்கள். எல்லா எண்களும் சரியாக இருந்த ஒரு மானிட்டரில் ஒலிபெருக்கி மட்டும் செயலிழந்திருந்ததை நானே கண்டிருக்கிறேன். திரையில் சிவப்பு விளக்கு மின்னியது, ஓசை வரவில்லை.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. மூன்றிலும் அழுத்த வித்தியாசம் 1 மி.மீ.-க்குள்தான் இருந்தது. ஆனால் ஒன்றில் நிமிடத்துக்கு 14 மி.மீ. கசிந்தது, குழாய் இணைப்பில் இருந்த ஓ-ரிங் (காற்றுக் கசியாமல் அடைக்கும் வளையம்) விரிசல் விட்டிருந்ததைக் கண்டு மாற்றிய பின் 2 மி.மீ. ஆகக் குறைந்தது. சிமுலேட்டரில் இப்போதும் 111/73-தான் வருகிறது. அதையே அந்த மூன்றுக்கும் ஒப்பீட்டு அளவாகப் பதிவேட்டில் எழுதிவிட்டேன். அலாரச் சோதனையை நாளை காலை, செவிலியர் பணி மாறுவதற்கு முன் செய்கிறேன்.