ஃபிளாஷ் பாயிண்டுக்குத் தமிழ் வேண்டும் – மெழுகுக் கூடத்துக்கு அவசரம்

கோவையிலிருந்து:
கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். மெழுகுவர்த்திக் கூடம் ஒன்றுக்குப் பாதுகாப்புப் பலகை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பாரஃபின் மெழுகு 50–60 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடும். ஃபிளாஷ் பாயிண்ட், அதாவது அதன் ஆவி சுடர் பட்டால் பற்றத் தொடங்கும் வெப்பநிலை, 200 டிகிரியை ஒட்டி வரும். தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கினால், நீர் வற்றாதவரை 100-ஐத் தாண்டாது. நேரே அடுப்பில் ஏற்றிவிட்டு அந்தப் பக்கம் போனால்தான் வினை. ‘தீப்பற்று நிலை’ என்று போடலாமா?

மதுரையிலிருந்து:
வேண்டாம் ஐயா. அது ஃபயர் பாயிண்டுக்கு இருக்கட்டும். ஃபிளாஷ் பாயிண்டில் மெழுகின் மேல் நிற்கும் ஆவி, சுடர் பட்டதும் குப்பென்று பிடித்து அணைந்துவிடும். நின்று எரிவதற்கு, அதாவது ஃபயர் பாயிண்டுக்கு, இன்னும் கொஞ்சம் சூடு வேண்டும். பற்றுவது ஆவி என்பதால் ‘ஆவிபற்று நிலை’.

தஞ்சையிலிருந்து:
‘தீப்பற்று’ போல ‘ஆவிப்பற்று’ என்று ஒற்று மிகாதா அம்மா?

மதுரையிலிருந்து:
தீ ஓரெழுத்து ஒருமொழி, மிகும். இங்கே ஆவி எழுவாய், மிகாது.

தஞ்சையிலிருந்து:
சரி, ஒற்றை விடுகிறேன். பொருள் உறுத்துகிறதே! எதனோடும் எளிதில் வினைபுரியாததால் ஜெர்மன் வேதியியலாளர் ரைஃகன்பாக் 1830-களில் லத்தீனிலிருந்து எடுத்து வைத்த பெயர் பாரஃபின்; ‘பற்றுக் குறைந்தது’ என்று பொருள். பாரஃபினையே ‘குறைபற்றி’ எனலாம். அதற்குப் போய்ப் பற்று நிலையா? ‘மின்னெரி நிலை’ என்பதே தூய்மையும் அழகும்.

கோவில்பட்டியிலிருந்து:
‘மின்’ என்று எழுதினால் கரண்ட் என்றுதான் படிப்பார்கள் ஐயா. எங்கள் பக்கம் தீக்குச்சி முனையை மருந்தில் முக்குமுன் மெழுகில் முக்குவார்கள். உருக்குகிறவர் டிகிரியைவிடப் புகையைத்தான் பார்ப்பார். ‘புகை கிளம்பினால் அடுப்பை அணைக்கவும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூடியால் மூடவும்’ என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். ஊற்றிய நீர் அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி, எரிகிற மெழுகை ஆள் மேலேயே வாரி இறைக்கும். கலைச்சொல் அப்புறம்.

மதுரையிலிருந்து:
அந்த வரிகள் முதலில் வரட்டும், முழுச் சம்மதம். ஆனாலும் சொல் வேண்டும். மெழுகு மூட்டையோடு வரும் தாளில் அந்த எண் இருக்கிறது. அது எதைச் சொல்கிறது என்று உருக்குகிறவருக்குத் தெரிய வேண்டாமா?

கோவையிலிருந்து:
நன்றி. புகை, தண்ணீர் வரிகள் மேலே. கீழே ‘ஆவிபற்று நிலை’, பக்கத்திலேயே ஃபிளாஷ் பாயிண்ட். நாளை அனுப்புகிறேன்.

தஞ்சையிலிருந்து:
பலகைக்கு அது போகட்டும். கலைச்சொல் பட்டியலில் ஏற்ற எனக்கு உடன்பாடில்லை. ‘குறைபற்றி’க்குத் தனி இழை தொடங்குகிறேன்.