தற்காலிக இலக்கம் தரும் செயலியை விருந்தினர் தொடர்புக்கு நம்பலாமா?

உப்புவெளி வீட்டுக்காரி:

வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டின் இரண்டு அறைகளை உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறேன். முகநூல் விளம்பரத்தில் என் சொந்த இலக்கத்தையே போட்டிருந்ததால், அறை கேட்பவர்களைவிட நள்ளிரவில் அழைத்து வேண்டாத பேச்சுப் பேசுகிறவர்களே இப்போது அதிகமாகிவிட்டார்கள். மகளின் பாடசாலை வட்ஸ்அப் குழுவும் வங்கிக் கணக்கும் அதே இலக்கத்தில் இருப்பதால் அதை மாற்றவும் மனம் வரவில்லை. தற்காலிக இலக்கம் தரும் செயலிகள் இருப்பதாக மகள் சொல்கிறாள். அப்படி ஒன்றை எடுத்து விளம்பரத்தில் போட்டால் போதுமா, அல்லது வேறு சிக்கலில் மாட்டிக்கொள்வேனா?

நிலாவெளிப் படகோட்டி:

அக்கா, நான் இரண்டு பருவங்களுக்கு முன் அதைத்தான் செய்தேன். கனடாவில் இருக்கும் மச்சான் இலவசச் செயலி ஒன்றில் எடுத்துத் தந்த இலக்கத்தை, புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றும் என் படகின் விளம்பரப் பலகையில் எழுதி வைத்தேன். வெளிநாட்டுக்காரர் வட்ஸ்அப்பில் எழுதுகிறவர்கள், அவர்களுக்கு அது எந்த நாட்டு இலக்கமாக இருந்தாலும் ஒன்றுதான். ஆனால் பயணிகளைக் கூட்டிவரும் முச்சக்கரவண்டிக்காரர்கள், வெளிநாட்டு அழைப்புக்கு யார் காசு கொடுப்பது என்று கேட்டு, என்னை விட்டுவிட்டு அடுத்த படகுக்காரரை அழைக்கத் தொடங்கினார்கள்.

பெரிய இழப்பு வாடைக்காற்றுக் காலத்தில் வந்தது. கடல் குழம்பித் தொழில் நின்ற மாதங்களில் அந்தச் செயலியை நான் திறக்கவே இல்லை. சித்திரையில் திறந்தபோது, நெடுநாள் பயன்படுத்தாததால் இலக்கம் மீளப் பெறப்பட்டுவிட்டதாக அறிவித்தல் இருந்தது. பிறகு புதுக் கைபேசியில் வட்ஸ்அப்பைத் திறக்கப் போனால், உறுதிப்படுத்தும் குறியீடு என் கையில் இல்லாத அந்த இலக்கத்துக்கே போகிறது. பலகைக்கு மறுபடி வர்ணம் அடித்ததுதான் மிச்சம்.

கைபேசிக் கடைக்காரன்:

தம்பி சொன்னது தற்செயலாக நடந்ததன்று, அந்தச் சேவைகள் இயங்கும் முறையே அதுதான். செயலிக்காரர்கள் இணையவழி இலக்கங்களை மொத்தமாகப் பெற்று ஒருவருக்குக் கொடுத்து, அவர் விட்டதும் இன்னொருவருக்குக் கொடுக்கிறார்கள். ஆகவே உங்களுக்குக் கிடைப்பதும் பெரும்பாலும் வேறொருவர் பாவித்துவிட்ட இலக்கமே. அவரைத் தேடி வரும் கடன்காரரின் அழைப்பும் உங்களுக்கு வரக்கூடும். ஹஷ்ட், பேர்னர் போன்ற கட்டணச் செயலிகளில் சந்தாவைச் செலுத்தும் வரை இலக்கம் உங்களிடம் இருக்கும், ஆனால் அவை தருவன அமெரிக்கா, கனடா போன்ற வெளிநாட்டு இலக்கங்கள்தாம். 94 என்று தொடங்கும் நம் நாட்டு இலக்கத்தை அவற்றில் எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். குறுஞ்செய்தியை இலவசமாகப் பெற்றுத் தரும் இணையத்தளங்களில் வரும் செய்திகளை, அந்தப் பக்கத்தைத் திறக்கும் எவரும் வாசிக்கலாம். அங்கே எடுத்த இலக்கத்தில் கணக்குத் திறப்பது, வீட்டுச் சாவியைப் பேருந்து நிலையத்தில் தொங்கவிடுவதற்குச் சமம். அடையாள அட்டை கேட்காமல் ஒரு தடவை மட்டும் பதிவுசெய்யும் இடத்துக்கு, அல்லது பழைய கதிரையை விற்கப் போடும் விளம்பரத்துக்குத் தற்காலிக இலக்கம் பொருந்தும். அடுத்த வருடமும் அதே விருந்தினர் உங்களைத் தேடிவர வேண்டுமென்றால் பொருந்தாது.

உங்கள் கைபேசியில் இரண்டு சிம் போடலாமானால், தேசிய அடையாள அட்டையைக் கொடுத்து இரண்டாவது சிம் ஒன்றை உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். 2023ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து அன்ட்ரொயிட் கைபேசியில் ஒரே வட்ஸ்அப்பில் இரண்டு கணக்குகளை வைத்திருக்க முடிகிறது. வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியைத் தனியாக நிறுவினால் வேலை நேரம் முடிந்த பின் தானாகவே பதில் போகும்படியும் செய்யலாம். இரவு ஒன்பது மணிக்கு அந்தச் சிம்மை மட்டும் நிறுத்திவிட்டுத் தூங்குங்கள். பருவம் இல்லாத மாதங்களிலும் சிறு தொகை மீள்நிரப்பி அதை உயிரோடு வைத்திருங்கள், இல்லையென்றால் தம்பியின் கதைதான். இரண்டு கணக்குகளிலும் ஆறு இலக்க இரகசிய எண் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை இன்றே போட்டுவிடுங்கள்.

உப்புவெளி வீட்டுக்காரி:

இருவருக்கும் நன்றி. இரண்டாவது சிம் வாங்குகிறேன். ஆனால் பழைய இலக்கம் ஏற்கெனவே ஊரெல்லாம் பரவிவிட்டதே, அதற்கு என்ன செய்வது?

கைபேசிக் கடைக்காரன்:

பரவியதைத் திரும்ப அள்ள முடியாது, ஆனால் குறைக்கலாம். முதலில் எல்லா விளம்பரங்களிலும் இலக்கத்தை மாற்றுங்கள்; பழைய படங்களில் பலகை தெரிந்தால் அவற்றையும் எடுத்துவிடுங்கள். பிறகு, சொந்தக் கணக்கின் வட்ஸ்அப் அமைப்பில் அறியாத அழைப்பாளர்களை ஒலியின்றி வைக்கும் தெரிவை இயக்குங்கள். விருந்தினர் புது இலக்கத்துக்குப் போய்விட்ட பின் அதனால் உங்களுக்கு நட்டமில்லை. ஆபாசமாகப் பேசியவர்களின் இலக்கத்தையும் நேரத்தையும் அழிக்காமல் குறித்து வைத்துக்கொண்டு பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். இங்கே எடுக்கும் சிம் ஒவ்வொன்றும் ஒருவருடைய அடையாள அட்டையில் பதிவாகியிருப்பதால், உள்ளூர் இலக்கத்திலிருந்து அழைத்தவரைத் தேடிப் பிடிக்க வழி இருக்கிறது.