மோட்டார் மாட்டிய சைக்கிள் நடுவழியில் நின்ற நாட்கள்: உங்கள் அனுபவம் என்ன?

சைக்கிளில் தன் கையால் மோட்டார் மாட்டி ஓட்டுகிற எவரையும் கேட்டுப் பாருங்கள், வண்டி நடுவழியில் நின்ற ஒரு நாளைச் சொல்வார். அந்த நாளை எல்லோரும் இங்கே எழுதினால் புதிதாகக் கட்ட வருகிறவர்களுக்கு உதவும் என்று தோன்றியது. என்னுடையதிலிருந்து தொடங்குகிறேன்.

நான் வாங்கியது இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரம். விற்கும்போது 80 சி.சி. என்பார்கள். சிலிண்டர் விட்டம் 47 மி.மீ., பிஸ்டன் ஓடும் நீளம் 38 மி.மீ. என்று கணக்குப் போட்டால் 66 சி.சி.தான் வரும். அது ஒரு குறையில்லை, சைக்கிளுக்கு அதுவே தாராளம். என் தவறு வேறு இடத்தில் நடந்தது. பெட்டியில் வந்த எல்லாவற்றையும் வந்தபடியே மாட்டிவிட்டேன்.

செயின் தொய்வை எடுப்பதற்கு ஒரு சிறு உருளை தருவார்கள். பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்க்குழாயில் இரண்டு தகடுகளால் கவ்விப் போல்ட் போட வேண்டும். என் சைக்கிளில் அந்தக் குழாய் நீள்வட்டம், தகட்டின் வளைவோ முழு வட்டம். எவ்வளவு இறுக்கினாலும் இரண்டு கோடுகளில்தான் பிடிமானம். பதினோராவது நாள், ஒரு சிறிய மேட்டில் ஆக்ஸிலரேட்டரைத் திருகியபோது செயின் வெட்டி இழுத்தது. கவ்வி சுழன்று உருளையை ஸ்போக்ஸுக்குள் தள்ளியது. ஏழு கம்பிகள் அறுந்தன. பின்சக்கரம் ஒரே கணத்தில் பூட்டிக்கொண்டது, தார்ச்சாலையில் டயர் கறுப்புக் கோடு போட்டது. மேடு ஏறிக்கொண்டிருந்ததால் வேகம் இல்லை, அதனால் முழங்கை சிராய்ப்போடு தப்பினேன். இறக்கத்தில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

அந்த உருளையை அன்றே கழற்றி எறிந்தேன். அச்சு நிற்கும் காடி நீளமாக இருக்கும் சட்டமாகப் பார்த்து எடுத்தேன். அச்சைப் பின்னுக்கு இழுத்தாலே செயின் இறுகிவிடும். சிக்கல் என்னவென்றால், ஒரே அச்சு இயந்திரச் செயினையும் பெடல் செயினையும் சேர்த்து இறுக்க வேண்டும், இரண்டும் ஒரே இடத்தில் ஒத்துவராது. ஒன்றில் அரைக் கண்ணி சேர்த்தபின் ஒத்துவந்தது. இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. அந்த நாளை வீண் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

இன்னொன்று. பின்சக்கரத்தில் மாட்டும் 44 பல் சக்கரத்தை ரப்பர் வளையங்களுக்கு நடுவே ஸ்போக்ஸோடு சேர்த்து ஒன்பது போல்ட்டுகளால் கவ்வுவார்கள். அதை வரிசையாக இறுக்காதீர்கள், எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பிறகு ஒரு பென்சிலைச் சட்டத்தில் ஊன்றி, முனை பல் சக்கரத்தின் பக்கவாட்டை மட்டும் தொடும்படி பிடித்துச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் 'டிக்' என்று தட்டினால் அங்கே கோட்டம் இருக்கிறது. அதற்கு எதிர்ப்பக்கத்துப் போல்ட்டைத் தளர்த்தி இந்தப் பக்கத்தை இறுக்க வேண்டும். சத்தம் சுற்று முழுவதும் ஒரே சீராக வரும்வரை நான் எழுந்திருப்பதில்லை.

* * *

நீங்கள் சொன்னதுபோல் என் வண்டியும் நடுவழியில் நின்றது ஐயா, ஆனால் என்னை நிறுத்தியது உருளையில்லை, 6 மி.மீ. தடிமன்கூட முழுதாக இல்லாத ஒரு ஸ்டட், அதாவது தலையில்லாத போல்ட். சைலன்சரைச் சிலிண்டரோடு பிடித்திருப்பவை இரண்டே ஸ்டட்தான். வண்டி புதிதில் நன்றாகத்தான் ஓடியது. மூன்றாவது வாரம் சத்தம் திடீரென்று பெரிதாகி, காலருகே சூடான காற்று அடித்தது. குனிந்து பார்த்தால் சைலன்சர் ஒரு பக்கமாகத் தொங்குகிறது. ஒரு ஸ்டட் உள்ளேயே முறிந்து நின்றுவிட்டது. அலுமினியத்தின் மரை கெடாமல் அதை வெளியே எடுத்தபோது வியர்த்துவிட்டது.

காரணம் யோசித்துப் பார்த்ததில் தெரிந்தது இதுதான். சைலன்சரின் முழு எடையும் அந்த இரண்டு ஸ்டட்களில் தொங்கிக்கொண்டு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை அதிர்கிறது. இப்போது சைலன்சரின் கீழ்முனையை ஒரு தகட்டால் சட்டத்தோடு கட்டியிருக்கிறேன். நட்டுகளும் முழு உலோகப் பூட்டு நட்டுகள். நைலான் வளையம் உள்ள நட்டு மற்ற இடங்களுக்கு நல்லது, சைலன்சர் வாயில் உருகிப்போகும். அதிர்வைக் குறைக்கலாம் என்று இயந்திரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே ரப்பர் வைத்தேன், அதையும் எடுத்துவிட்டேன். ரப்பர் இருந்தால் இயந்திரம் தனியாக ஆடுகிறது, ஆட்டம் முழுவதும் ஸ்டட்டின் கழுத்தில் விழுகிறது.

ஒரு பழக்கத்தை எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். ஒவ்வொரு நட்டையும் இறுக்கியபின் நட்டின் மேலிருந்து அது உட்காரும் உலோகம்வரை வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். காலையில் வண்டியை எடுக்கும்போது ஒரு பார்வை போதும். கோடு உடைந்திருந்தால் அந்த நட்டு நகர்ந்திருக்கிறது. ஸ்பேனரைத் தொடாமலே பத்து நட்டுகளையும் பார்த்துவிடலாம்.

* * *

என் அனுபவம் சின்னது அண்ணா. பெட்ரோலில் ஆயிலைக் கண்ணால் பார்த்துக் கலந்தேன், ஒரு மாதத்தில் பிஸ்டன் கோடு கோடாகக் கீறிவிட்டது. இரண்டு ஸ்ட்ரோக்கில் அந்த ஆயிலைத் தவிர உள்ளே வேறு மசகு கிடையாது என்பதை அதற்குப் பிறகுதான் உணர்ந்தேன். இப்போது 25-க்கு 1, அதாவது லிட்டருக்கு 40 மி.லி., மருந்து ஊசிக்குழாயால் அளந்துதான் ஊற்றுகிறேன். வண்டியை நிறுத்தியதும் பெட்ரோல் குழாயை மூடிவிடுங்கள். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குள் இருக்கும் மிதவை சரியாக அடைக்காவிட்டால் இரவு முழுவதும் ஒழுகி இயந்திரத்தின் அடியில் தேங்கும்.

* * *

கீறல் என்று தம்பி சொன்னதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஆயிலைச் சரியாக அளந்தும் என் இயந்திரம் இறுகி நின்றது. முந்தைய சில நாட்களாகவே ஆக்ஸிலரேட்டரை விட்டாலும் சுற்று உடனே இறங்கவில்லை, தானாகவே உறுமிக்கொண்டிருந்தது. நல்ல பலம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன், அது எச்சரிக்கை என்று புரியவில்லை. தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது முனை சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. நன்றாக எரிகிற இயந்திரத்தில் அது காய்ந்த தேயிலைத்தூளை ஒத்த பழுப்பில் இருக்கும். கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்தால் காற்று அதிகம்.

கார்புரேட்டரும் சிலிண்டரும் சேரும் குழாயின் முகம் வளைந்திருந்தது. அதன் வழியே கணக்கில் வராத காற்று உள்ளே போயிருக்கிறது. கண்டுபிடிக்கும் வழி எளிது. இயந்திரம் ஓடும்போது அந்த இணைப்பைச் சுற்றித் தூரிகையால் மெல்லிய எண்ணெய் தடவுங்கள். சத்தம் மாறினால் அங்கேதான் ஓட்டை. கண்ணாடித் தகட்டின் மேல் உப்புத்தாளை விரித்து, குழாயின் முகத்தை எட்டு போட்டுத் தேய்த்தேன். நடுவில் இருந்த மங்கலான திட்டு சுருங்கிச் சுருங்கி மறைந்து, முழு முகமும் ஒரே பளபளப்புக்கு வந்தது. இடையில் காற்றுப் புகாமல் அடைக்கும் புதுக் கேஸ்கெட் வைத்து மூடியபின் அந்த உறுமல் வரவேயில்லை.

* * *

நான் கட்டியது மின்மோட்டார் சைக்கிள். முழங்கால் வலியால் சைக்கிளை விட்டுவிட்ட அப்பாவுக்காக முன்சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பில் மோட்டார் வைத்துக் கட்டினேன். பெட்ரோல் வண்டிக்காரர்கள் சொல்லும் அதிர்வுத் தொல்லை இதில் இல்லை, ஆனால் வேறொரு ஆபத்து இருக்கிறது, அதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

மோட்டார் சக்கரத்தை ஒரு பக்கம் சுழற்றும்போது அச்சை எதிர்ப்பக்கம் திருகுகிறது. அச்சின் தட்டையான இரு பக்கங்கள், முன்சக்கரத்தைத் தாங்கும் கவையான ஃபோர்க்கின் காடிச் சுவரை அழுத்திக்கொண்டே இருக்கும். அது அலுமினிய ஃபோர்க். ஒரு மாலை வீட்டு வாசலிலேயே, அப்பா ஏறி உட்கார்ந்து ஓட்டத் தொடங்கிய அந்த நொடியில், காடி விரிந்து அச்சு முழுச் சுற்று சுற்றிவிட்டது. அச்சுக்குள் போகும் கம்பி முறுக்கிக்கொண்டு அறுந்தது, சக்கரம் காடியிலிருந்து நழுவியது. அப்பா காலை ஊன்றிக்கொண்டார். "நல்லவேளை, தெருவுக்குள் போகவில்லையம்மா" என்றார். எனக்குக் கை நடுங்கியது.

இரும்பு ஃபோர்க்குக்கு மாறினேன். அச்சின் தட்டையைக் கவ்வி, மறுமுனை ஃபோர்க்கோடு கட்டப்படும் இரும்புக் கை ஒன்றை இரண்டு பக்கமும் போட்டேன். மின்மோட்டார் வைப்பவர்கள் பேட்டரி எத்தனை வோல்ட் என்று கேட்பதற்கு முன்னால் இந்தக் கையைப் பற்றிக் கேளுங்கள். அப்பா இப்போது தினமும் ஓட்டுகிறார். மாதம் ஒருமுறை அச்சு நட்டுகளை நானே தொட்டுப் பார்க்கிறேன், வேறு யாரிடமும் அந்த வேலையை விடுவதில்லை.

* * *

தொடங்கியவன் மறுபடி எழுதுகிறேன். எல்லாவற்றையும் படித்தபின் பிரேக்கைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே என்று பட்டது. என் வண்டியின் இயந்திரத்துக்குள்ளே இருக்கும் கியர் சுற்றை 4.1-இல் ஒன்றாகக் குறைக்கிறது, வெளியே 10 பல்லுக்கு 44 பல், ஆக மொத்தம் இயந்திரம் 18 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. 26 அங்குலச் சக்கரத்தில் இயந்திரத்தின் நிமிடத்துக்கு 5000 சுற்றுக்கு மணிக்கு ஏறக்குறைய 34 கி.மீ. வருகிறது. மிதித்துப் போகும் வேகத்தைப்போல் இரு மடங்கு என்றால், நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. சைக்கிளோடு வந்த ரிம் பிரேக் அதற்காகச் செய்யப்பட்டதில்லை. முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் போட்டபிறகுதான் நான் இயந்திரத்தை முழுவதும் திறந்து ஓட்டினேன்.

1946-இல் சோய்ச்சிரோ ஹோண்டா ராணுவ வானொலி ஜெனரேட்டரின் சிறு இயந்திரத்தைச் சைக்கிளில் மாட்டியபோது, முதல் மாதிரியில் வெந்நீர்க் குடுவையையே பெட்ரோல் தொட்டியாக வைத்தாராம். அதைப் படித்த நாளிலிருந்து வீட்டில் கிடைப்பதை வைத்துக் கட்டும் யாரையும் நான் குறைத்துப் பேசுவதில்லை. ஆனால் பிரேக்கிலும் சக்கரத்திலும் மட்டும் கிடைத்ததை வைத்துச் சமாளிக்காதீர்கள்.

அறுந்த அந்த ஏழு கம்பிகளும் 2 மி.மீ. தடிமன். இந்த வாரம் பின்சக்கரத்தை முழுவதும் பிரித்து 2.6 மி.மீ. கம்பி போட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறேன். 36-இல் 20 முடிந்திருக்கிறது, மீதியைக் கோர்த்துக் கோட்டம் எடுத்ததும் பென்சிலை வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அடுத்தவர் சொல்லுங்கள்.