அமெரிக்க ராணுவத்தில் மருத்துவ நிர்வாக அதிகாரி: அனுபவம் உள்ளவர்கள் உதவ முடியுமா?

வணக்கம் நண்பர்களே. மருத்துவமனை நிர்வாகத்தில் இளங்கலை முடிக்கப் போகிறேன். அமெரிக்க ராணுவத்தின் மெடிக்கல் சர்வீஸ் கோரில் அதிகாரியாகச் சேரலாமா என்று யோசனை. (டாக்டர் வேலை இல்லை. வீட்டில் இதை நாலு முறை விளக்கியாயிற்று, இன்னும் புரியவில்லை.)

1947-இல் உருவான பிரிவு அது. பட்ஜெட், ஆள் நிர்வாகம், மருந்துக் கொள்முதல், நோயாளி ஆவணம் எல்லாம் இவர்கள் கையில். ஆனால் புது லெப்டினன்ட் பலருக்கு முதல் வேலை மருத்துவமனையில் கிடைப்பதில்லையாம், பட்டாலியனில் (சில நூறு வீரர்கள் கொண்ட படைப்பிரிவு) மெடிக்கல் பிளாட்டூன், அதாவது அதன் சிறு மருத்துவக் குழுவின் தலைவராகப் போடுகிறார்களாம். மெடிக் (களத்தில் முதலுதவி செய்யும் வீரர்) பையில் டூர்னிக்கே (ரத்தப்போக்கை நிறுத்தும் இறுக்குப் பட்டை) எத்தனை, எந்த மருந்து காலாவதி, எந்த ஆம்புலன்ஸ் ஓடாமல் நிற்கிறது என்று தினமும் பார்ப்பதுதான் வேலையா? படித்ததற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா? இதுதான் என் பெரிய குழப்பம்.

அப்புறம், சான் அன்டோனியோவில் ஃபோர்ட் சாம் ஹூஸ்டன் ராணுவத் தளத்தில் நடக்கும் ஆர்மி–பேலர் முதுகலை (ராணுவமும் பேலர் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் மருத்துவ நிர்வாகப் படிப்பு). ஒரு வருடம் வகுப்பு, ஒரு வருடம் மருத்துவமனையில் ரெசிடென்சி (நேரடி நிர்வாகப் பயிற்சி). அதற்குத் தேர்வாக, பிளாட்டூன் அனுபவம் எவ்வளவு கைகொடுக்கும்?

ராணுவ மருத்துவமனைகளின் நிர்வாகம், படைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான டிஃபென்ஸ் ஹெல்த் ஏஜென்சி என்ற பாதுகாப்புத் துறை அமைப்புக்குப் போன பிறகு அதிகாரிகளின் வேலை எப்படி மாறியது என்றும் சொல்லுங்கள். இரண்டு காலத்திலும் இருந்தவர்கள் பேசினால் இன்னும் நல்லது.

ஆள்சேர்ப்பு அலுவலர் சொன்னதெல்லாம் இனிப்பாகவே இருந்தது. கசப்பையும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடலாம் என்று பார்க்கிறேன்.