பிளேடெஸ்ட் நடக்கும்போது வாயைத் திறக்கலாமா?

கேள்வி: தனியாளா ஒரு பஸில் கேம் செய்றேன். பிளேடெஸ்ட்டுக்காக, அதாவது வெளியிடறதுக்கு முன்னாடி மத்தவங்களை ஆடவிட்டுப் பார்க்க, 6 பேரை உட்கார வெச்சு ஆடச் சொன்னேன். மூணாவது லெவல்ல 4 பேர் கதவுக்கு மேல இருக்கிற நெம்புகோலைப் பார்க்கவே இல்லை. பொறுக்க முடியாம "மேல பாருங்க"ன்னு சொல்லிட்டேன். தப்பா?

பதில்: ஆமாங்க, அந்த இடத்திலேயே டெஸ்ட் முடிஞ்சுபோச்சு. கேம் வெளியானா ஒவ்வொருத்தர் பக்கத்திலயும் நீங்க உட்கார முடியாதே. நான் ஸ்கிரீனையும் கையையும் சேர்த்து ரெக்கார்ட் பண்ணுவேன். என் கேம்ல ஒருத்தங்க 9 நிமிஷம் ஒரே சுவத்துல முட்டிக்கிட்டே இருந்தாங்க. நான் அழகுக்காகப் போட்ட விரிசல் அவங்களுக்கு ரகசியக் கதவா தெரிஞ்சிருக்கு! வெறும் கேள்வித்தாள் கொடுத்திருந்தா "கொஞ்சம் கஷ்டம்"னு எழுதிட்டுப் போயிருப்பாங்க.

இன்னொரு பதில்: 2007-ல வந்த போர்ட்டல்ங்கிற பஸில் கேம்லயும் டெஸ்டர்கள் கூடவே தூக்கிட்டுப் போக வேண்டிய பெட்டியைப் பாதியிலேயே விட்டுட்டுப் போனாங்க. அதைச் செஞ்ச வால்வ் கம்பெனி டீம் பெட்டிமேல இதயம் வரைஞ்சு அதை ஒரு துணையாவே ஆக்கிட்டாங்க.

கேட்டவர்: நெம்புகோல் மேல வெளிச்சம் விழற மாதிரி மாத்தினேன். பழைய ஆட்களுக்கு விடை தெரியும், அதனால புதுசா 3 பேர். வாயே திறக்கலை. மூணு பேரும் தாங்களாவே கண்டுபிடிச்சாங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.